பழுதுக்குக் காரணம்

கடலூர் முதுநகர் பிரிவு அலுவலகத்தில்
பழுதுப் பதிவேடு ஒன்று உண்டு.
நேரம், ஃபீடர், கம்பம், காரணம்
என்று நாலு கட்டம்.
வைகாசி பிறந்தால் நாலாவது கட்டத்தில்
பாதி நாள் ஒரே சொல்தான்:
காக்கை.

சோனங்குப்பம் போகிற வழியில்
உப்பனாற்றுக் காற்று அரித்துத் தின்னும் ஒரு கம்பம்.
குறுக்குச் சட்டத்தில் மூன்று பீங்கான்,
நடுவில் ஒரு வீடு.
லைன் க்ளியர் வாங்கி, எர்த் ராடு மாட்டி
நான் ஏறும்போது மணி பதினொன்று பத்து.
"தள்ளிட்டு எறங்குயா,
ஐஸ் கம்பெனிக்காரன் நாலு தரம் போன் பண்ணிட்டான்"
என்கிறான் ஏணியைப் பிடித்திருக்கும் கலியபெருமாள்.

கட்டுக்கம்பி. பாதி ஹேங்கர். குடைக்கம்பி இரண்டு.
நண்டு வலையின் நைலான் முடிச்சு.
மூக்குக் கண்ணாடியின் ஒரு காது.
போன மாதம் நான் வெட்டிப் போட்ட
அலுமினிய இழை நாலு முழம்.
ஸ்டோரில் கணக்குக் காட்டாமல் விட்டது
இங்கே கணக்காக வளைந்திருக்கிறது.
வெளிச்சுற்று முழுக்க உலோகம்.
உள்ளே தேங்காய் நார், யாருடையதோ தலைமுடி,
ஒரு உள்ளங்கை அளவு மெத்தை.

சுள்ளிக்கா பஞ்சம்?
கம்பி காற்றுக்கு அசையாது என்று
அதற்குத் தெரிந்திருக்கிறது.
தானே புயலில் நாங்கள் நட்டதெல்லாம்
வரிசையாகப் படுத்துக் கிடந்த ஊர் இது.

ஒற்றைக் கம்பியில் உட்கார்ந்தால் அதற்கு ஒன்றுமில்லை.
காலுக்கடியில் பதினோராயிரம் வோல்ட் ஓடும்,
அது பாட்டுக்கு வாலைக் கோதிக்கொண்டிருக்கும்.
குடும்பம் என்று கட்டும்போதுதான்
இரண்டு கம்பியையும் தொட வேண்டி வருகிறது.

முட்டை நாலு என்று எண்ணினேன்.
மறுபடி எண்ணினால் ஐந்து.
ஐந்தாவது கொஞ்சம் சின்னது,
நீலம் குறைந்து சாம்பல் பூத்தது.
குயில்.
காக்கைக் குஞ்சுகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால்
ஓடு உடைத்து வாய் திறக்கப் போவது.

தள்ளியிருக்கலாம். விதியும் அதுதான்.
டூல் வாளியை மேலே இழுத்து
வீட்டை அப்படியே உள்ளே இறக்கினேன்.
அதற்குள் ஹெல்மெட்டில் மூன்று கொத்து.
இருபதடி தள்ளி நாட்டு வாதாம் மரம்,
கவட்டையில் வைத்து, அதே அலுமினிய இழையால்
இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.
"இது எந்த எஸ்டிமேட்ல வரும்?" என்றான் கலியபெருமாள்.

மூன்றாம் நாள் அடைகாத்துக்கொண்டிருந்தது.
அல்லது அது வேறு காக்கையோ என்னவோ.

ஆனால் அன்றிலிருந்து அந்தத் தெருவில்
நான் மட்டும் நடக்க முடியவில்லை.
சட்டையை மாற்றிப் போனேன், கொத்தியது.
என் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு
கலியபெருமாள் போனான், ஒன்றும் செய்யவில்லை.
வாரியத்தில் இருபத்திரண்டு வருஷம்.
என் முகத்தை இவ்வளவு சரியாக
ஞாபகம் வைத்த நுகர்வோர் வேறு யாரும் இல்லை.

ஹெல்மெட் வாரில் ஒரு சிறகு சிக்கியிருந்தது.
நடுவில் இழை பிரிந்து ஒரு வெடிப்பு.
விரலால் மேல்நோக்கி நீவினேன்,
கொக்கியில் கொக்கி மாட்டி
வெடிப்பே இல்லாமல் மூடிக்கொண்டது.
டேப் இல்லை, ஈயம் இல்லை.
நான் போட்ட எந்த ஜாயின்ட்டும் இப்படி இருந்ததில்லை.

இறகையெல்லாம் பிடுங்கி நிறுத்தால்
எலும்புக்கூட்டைவிடக் கனமாம் பறவைக்கு.
பெல்ட், கயிறு, கையுறை, பிளேயர்
எல்லாம் மாட்டித்தான் நானும் ஏறுகிறேன்.
விழாமல் இருப்பதற்கு மட்டும்.

பதிவேட்டில் காரணம் எழுதினேன்: காக்கை.
ஏ.ஈ. ஃபிலோமினா மேடம் கையெழுத்துப் போட்டார்.
இன்னும் ஏதோ எழுத இருந்தது,
நாலாவது கட்டம் சின்னது.

ஆனியில் ஒரு விடியற்காலை
ஃபியூஸ் போட அந்தப் பக்கம் போனேன்.
வாதாம் கிளையில் கறுப்பாக ஒரு குஞ்சு
உள்வாய் சிவக்கக் கத்திக்கொண்டிருந்தது.
குயில்தான், கத்தல் மட்டும் காக்கையுடையது.
யார் வீட்டு இட்லியோ
அதன் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

ஊட்டுவதை நிறுத்தி
தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது காக்கை.
ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டேன்.